உப்பங்கழியின் மேல் ஒரு சிறு பாலம்: முழுக் கான்கிரீட்டா, மரமும் கான்கிரீட்டுமா?

கடலூர் முதுநகர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே, உப்பனாற்றில் போய்ச் சேரும் ஒரு கிளை வாய்க்கால் இருக்கிறது. அதன்மேல் 5 மீட்டர் நீளத்தில், ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு பாலம் வேண்டும். ஆள், பைக், தேங்காய் ஏற்றிய தள்ளுவண்டி, இவ்வளவுதான் அதில் போகும். கீழே மர உத்தரம், மேலே கான்கிரீட் தளம். இதைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் இரண்டு பாகங்களாக வீட்டு வாசலிலேயே வார்த்து, தூக்கிக்கொண்டு போய்ப் பொருத்தினோம். கடலோரத்தில் இந்த அளவுப் பாலத்துக்கு இதுதான் சரி என்பது என் கட்சி.

முழு மரத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. வாய்க்காலுக்குக் குறுக்கே பனைமரத்தைப் போடுவது இங்கே பழைய வழக்கம். வைரம் பாய்ந்த பனை நன்றாகவே தாங்கும். ஆனால் மேல்பக்கம் மழையிலும் வெயிலிலும் கிடந்து வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் நிற்கும், அங்கிருந்துதான் உளுத்துப்போக ஆரம்பிக்கும். தவிர, பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள், நல்ல முடிவு. இரும்பு உத்தரம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஆக, உண்மையான போட்டி முழுக் கான்கிரீட்தான். அதற்கு மேஸ்திரி கிடைப்பார், ஜல்லியும் மணலும் கிடைக்கும், கரையான் பயம் கிடையாது. கட்டும் செலவை மட்டும் பார்த்தால் அதைத்தான் போட வேண்டும். நான் பார்த்தது பிற்காலப் பராமரிப்பை.

இரண்டு முனையில் தாங்கி நிற்கும் எந்தப் பலகையிலும், மேலே எடை ஏறினால் மேல்பாதி அமுங்கும், அடிப்பாதி இழுபடும். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால்தான் கம்பியை அடியில் போடுகிறோம். இழுபடும் அந்த அடிப்பக்கத்தில் மயிரிழை வெடிப்பு வருவது சகஜம், டிசைன் செய்யும்போதே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். விழுப்புரத்திலோ நெய்வேலியிலோ இது பெரிய விஷயமில்லை. உப்புத்தண்ணீருக்கு மேலே அப்படியல்ல. உப்பிலுள்ள குளோரைடு அந்த வெடிப்பு வழியாகவும் கான்கிரீட்டின் நுண்துளை வழியாகவும் கம்பிவரை போய்விடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அது கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். கடற்கரைத் தெருக்களில் நடக்கும்போது பால்கனிகளின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள்: முதலில் கம்பி ஓடும் வழியிலேயே ஒரு பழுப்புக் கோடு, அப்புறம் ஒரு வீக்கம், அப்புறம் காரை பெயர்ந்து கம்பி வெளியே. பாலத்தின் அடியை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமனை, அதாவது கவரை, கூட்டலாம்தான். கடலோரக் கட்டுமானத்துக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456 குறைந்தது 45 மி.மீ. கேட்கிறது, உப்புச் சாரல் நேரடியாகப் படும் இடத்தில் 50. அதை ஒழுங்காகக் கொடுத்தால் ஆயுள் கூடும். ஆனால் துரு பிடித்துவிட்டால் உடைத்துப் பூசுவதைத் தவிர வேறு வழியில்லை, அதுவும் தண்ணீருக்கு மேல் தொங்கிக்கொண்டு.

மரத்தையும் கான்கிரீட்டையும் சேர்த்தால் இந்தக் கதையே மாறுகிறது. இழுபடும் இடத்தில் மரம் இருக்கிறது. உப்பு மரத்தை அரிக்காது. மர விசைப்படகுகளைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இது புதிதல்ல. கான்கிரீட் மேலே, பெரும்பாலும் அமுக்கத்தில் இருக்கிறது. அந்த 10 செ.மீ. தளத்துக்குள் நாங்கள் இரும்பே வைக்கவில்லை, கண்ணாடியிழைக் கம்பி வலைதான். முழுக் கான்கிரீட்டிலும் கண்ணாடியிழையைப் போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் ஒரே பளுவை ஏற்றினால் அது இரும்பைப்போல நான்கு மடங்கு நீளும். பளுவை முழுக்க அதுவே சுமக்கும் இடத்தில் பாலம் தொய்யும், வெடிப்பு அகலமாகும். அதைச் சரிக்கட்டத் தளத்தை இன்னும் தடிமனாக்க வேண்டும்.

மரத்தின் மேல் கான்கிரீட்டைச் சும்மா கொட்டினால் போதாது. பாண்டிச்சேரியின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மரக்கட்டைக்கு மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இருக்கும். அங்கே மேலே இருப்பது பாரம் மட்டுமே, சுமப்பது முழுக்க மரம். இரண்டும் சேர்ந்து சுமக்க வேண்டுமானால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கக்கூடாது. ஒரே அளவுள்ள இரண்டு பலகைகளை வழுக்காமல் பிணைத்தால், சும்மா அடுக்கியதைவிட நான்கு மடங்கு விறைப்பாக நிற்கும். அதற்காக ஆசாரி உத்தரத்தின் மேல்பக்கம் குறுக்கே காடி, அதாவது பள்ளம், எடுத்தார், ஒவ்வொரு காடியிலும் துருப்பிடிக்காத 316 ரக ஸ்டீல் திருகு இறக்கினார். ஈரக் கான்கிரீட்டின் தண்ணீரை மரம் உறிஞ்சாமல் இருக்க நடுவில் பிளாஸ்டிக் தாள் விரித்து, காடி இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டிவிட்டோம். கான்கிரீட் காடிக்குள் இறங்கிப் பிடித்துக்கொண்டது.

இது சோதனைக்கூடச் சமாச்சாரம் இல்லை. அமெரிக்காவில் 1930-களிலேயே இப்படிப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். ஃபின்லாந்தில் 1999-இல் திறந்த விஹன்டசல்மி பாலம் 182 மீட்டர் நீளம். நெடுஞ்சாலைப் போக்குவரத்தே அதன்மேல் போகிறது.

எடையிலும் லாபம். 75 செ.மீ. அகலத்தில் முழுக் கான்கிரீட் பாகம் என்றால் 2 டன்னைத் தாண்டும், ஹைட்ரா கிரேன் வேண்டும். எங்கள் சந்துக்குள் அது நுழையாது. எங்கள் பாகம் ஒன்று சுமார் 1 டன்தான். ஜேசிபி தூக்கி வைத்துவிட்டது. அதே நேரம் வெள்ளத்தில் மிதக்கும் அளவு லேசும் அல்ல. 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டிய பிறகு, இதை யோசிக்காமல் இங்கே பாலம் போட முடியாது. முனைகளை போல்ட் போட்டும் கட்டியிருக்கிறோம்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் உத்தரத்தின் முனை. மரம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு வெட்டுமுனை வழியாகத்தான் போகும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பிடிக்காது. அதனால் முனைக்கு எபாக்ஸி பூசி, அடியில் ரப்பர் பேட் வைத்து, சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி விட்டோம். தளத்தை இருபக்கமும் தாழ்வாரம்போல வெளியே நீட்டியிருக்கிறோம், சாரல் தவிர மழை மரத்தில் படாது. தூண்கள் மட்டும் கான்கிரீட்தான். உப்பங்கழித் தண்ணீரில் மரத்தை ஊன்றினால் கப்பல் புழு சல்லடையாக்கிவிடும். மழை ஓய்ந்ததும் முனையில் சேர்ந்த மண்ணையும் தென்னஞ்சருகையும் தள்ளி, ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்க்கிறேன். மெத்தென்று இறங்கினால் ஆபத்து. அப்போதும் போல்ட்டைக் கழற்றி அந்த ஒரு பாகத்தை மட்டும் எடுத்துவிடலாம், மற்றதன்மேல் நடந்துகொண்டே இருக்கலாம். முழுக் கான்கிரீட்டில் எனக்குக் கிடைக்காத வசதி இது.

எங்கள் பாலம் இன்னும் இளசு. நாள்பட்ட பாரத்தில் மரமும் கான்கிரீட்டும் மெல்லத் தொய்யும், வேறு வேறு வேகத்தில். பொறியாளர் அதற்கு விட்டிருக்கும் அளவு போதுமா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். மரமும் எங்களுக்கு வாய்த்தது: இடித்த வீட்டின் பழைய தேக்கு உத்தரங்கள், நன்றாக உலர்ந்தவை. புதுத் தேக்கை வாங்கினால் செலவுக் கணக்கு வேறு. பச்சை மரத்தில் இதைச் செய்யவே கூடாது. சுருங்கும்போது காடியின் பிடி தளர்ந்துவிடும். டிராக்டர் போக வேண்டிய இடமென்றால் நான் முழுக் கான்கிரீட்டைத்தான் போடுவேன், கவரில் ஒரு மி.மீ. கூடக் குறைய விடாமல், வார்க்கும்போது பக்கத்திலேயே நின்று.