மஞ்சள் டேங்கா, துரு டேங்கா? குன்னூர் ஷெட்டில் கிடந்த இரண்டு ஸ்கூபா சிலிண்டர்கள்

மேல் குன்னூரில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். கணவர் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று மலையேறி வந்தவர், காலமாகி மூன்று வருடமாகிறது. "தம்பி, ஷெட்டுல அவரு கடல்ல முங்குற சாமானெல்லாம் கிடக்குது. சிலிண்டர்தானே உங்க தொழில், வந்து ஒரு விலை சொல்லுங்க" என்று போன் செய்தார். என் தொழில் தீயணைப்பான் ரீஃபில். அதற்கு முன்னால் அந்தமானில், ஹேவ்லாக் தீவில், ஒரு டைவ் சென்டரில், கடலில் முங்குபவர்கள் மூச்சுக்காக முதுகில் சுமக்கும் ஸ்கூபா டேங்குக்கு ஐந்து வருடம் காற்றடித்தவன். அது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

ஷெட்டில் மூன்று சிலிண்டர். குட்டையாக ஒன்று இருந்தது, அது ஸ்கூபாவே இல்லை. கொம்பு கழன்றுபோன கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான். மீதி இரண்டும் அசல் டைவிங் டேங்குகள். ஒன்று பளிச்சென்ற மஞ்சள் பெயின்டில், புத்தம் புதிதாகத் தெரிந்தது. இன்னொன்று மங்கிப்போன சாம்பல் நிறம், அடியில் துரு, தோளில் சிலந்தி வலை. எனக்கு முன்னால் வந்துபோன காயலான் கடைக்காரர் மஞ்சளுக்கு ஆயிரம், சாம்பலுக்கு முந்நூறு என்று சொல்லியிருந்தார்.

இரண்டுமே ஸ்டீல். பெயின்டுக்கு மேலேயே காந்தம் ஒட்டியது. அடிப்பக்கம் உருண்டை, செருப்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் மாட்டினால்தான் நிற்கும். அலுமினிய டேங்க் என்றால் அடி தட்டையாக இருக்கும், காந்தம் ஒட்டாது. இவ்வளவும் ஒரு நிமிட வேலை. உண்மையான சங்கதி தோள்பட்டையில் அடித்திருக்கும் முத்திரையில் இருக்கிறது.

மஞ்சளில் முத்திரைக்குழி முழுக்கப் பெயின்ட் அடைத்திருந்தது. கிரைண்டர் வைத்துவிடலாமே என்று உதவிக்கு நின்ற பையன் சொன்னான். அந்த இடத்தில் கிரைண்டர் வைத்தால் முத்திரையும் போய்விடும், உலோகமும் மெலிந்துவிடும், அப்புறம் டேங்க் அழுத்தம் தாங்குமா என்று சோதிக்கும் எந்த டெஸ்ட் சென்டரும் அதைத் தொட மாட்டார்கள். பெயின்ட் ரிமூவர் தடவி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் உரசினேன். சின்ன வயதில் நாலணாவை உரசி எடுப்போமே, அதே வித்தைதான். எழுத்து எழும்பி வந்தது: ஐ.சி.சி. 3ஏஏ2250. கீழே ஒரு வரிசை எண். அதற்கும் கீழே மாதத்துக்கும் வருடத்துக்கும் நடுவில் ஒரு சின்ன அடையாளம்: 6, 66, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி.

இது அமெரிக்க டேங்க். 3ஏஏ என்றால் குரோம் மாலிப்டினம் கலந்த ஸ்டீல். 2250 என்பது ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு அழுத்தம் வரை நிரப்பலாம் என்ற கணக்கு, நம் கணக்கில் 155 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). ஐ.சி.சி. (அமெரிக்க அரசின் பழைய வணிக ஆணையம்) என்று இருந்தால் பழசு. பிறகு வந்தவற்றில் டி.ஓ.டி. (அங்குள்ள போக்குவரத்துத் துறை) என்று அடித்திருக்கும். நடுவில் இருப்பது பரிசோதகர் முத்திரை. ஆக, 1966 ஜூனில் முதல் டெஸ்ட். அந்தக் கூட்டல் குறியைப் பலர் கவனிப்பதில்லை. அது இருந்தால் பத்து சதவீதம் கூடுதலாக, 2475 வரை நிரப்பலாம். ஆனால் ஒவ்வொரு மறு டெஸ்ட்டிலும் அந்தக் குறி திரும்ப அடிக்கப்பட வேண்டும். கடைசி டெஸ்ட் தேதிக்குப் பக்கத்தில் இல்லையென்றால் அந்தச் சலுகை போயிற்று. இந்த மஞ்சளில் இரண்டாவது டெஸ்ட் தேதி உண்டு, கூட்டல் இல்லை.

இந்த வகை டேங்குக்கு டைவர்கள் வைத்த பெயர் 'ஸ்டீல் 72'. 2475 வரை நிரப்பினால் 71.2 கன அடி காற்று. 1960களிலும் 70களிலும் அமெரிக்கர்கள் முதுகில் சுமந்தது பெரும்பாலும் இதைத்தான்.

சாம்பல் டேங்கில் முத்திரை தெளிவாக இருந்தது. இத்தாலியின் ஃபாபர் கம்பெனி, 12 லிட்டர், வேலை அழுத்தம் 232 பார், டெஸ்ட் அழுத்தம் 348 பார். ஒன்றரை மடங்கு, ஐரோப்பியக் கணக்கு. வால்வுக் கழுத்துக்குப் பக்கத்தில் எம்25 என்று மரை அளவும் அடித்திருந்தது.

இங்கேதான் வேடிக்கை. 72-இன் வயிற்றில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று கணக்குப் போட்டால் அதுவும் 12 லிட்டர்தான். இரண்டும் ஒரே குடம். ஆனால் ஒன்றில் 155 பார் அழுத்தினால் 1,860 லிட்டர் காற்று, கூட்டல் குறி உயிரோடு இருந்தால் 2,040 சொச்சம். இத்தாலிக்காரனில் 232 அழுத்தினால் 2,784 லிட்டர். பத்து மீட்டர் ஆழத்தில் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுக்கும் சராசரி ஆள் ஒருவருக்கு, காகிதக் கணக்கில், 46 நிமிடத்துக்கும் 70 நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம். எடையோ கிட்டத்தட்ட ஒன்றுதான், 13 கிலோவும் 14 கிலோவும். பழைய இரும்பு கிலோ முப்பது ரூபாய் என்று வைத்தால் இரண்டும் நானூறு ரூபாய்ச் சரக்கு. காயலான் கடைக்காரர் மஞ்சளுக்கு ஆயிரம் கொடுக்க வந்தது பெயின்டுக்குத்தான்.

அடுத்து வால்வு. மஞ்சளில் இருந்தது ஜே வால்வு, பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல். அழுத்தம் ஏறக்குறைய 20 பாருக்கு இறங்கும்போது மூச்சு இழுப்பது கடினமாகும், நெம்புகோலைக் கீழே இழுத்தால் மீதிக் காற்று வரும். பிரஷர் கேஜ் சர்வசாதாரணமாகாத காலத்து ஏற்பாடு. பாறையில் இடித்து நெம்புகோல் தானாக இறங்கியிருந்தால் சேமிப்பில் ஒன்றுமிருக்காது என்பதுதான் இதிலுள்ள வம்பு. இன்று டைவுக்கு யாரும் கேட்பதில்லை, பழசைச் சேர்ப்பவர்கள் கேட்பார்கள். சாம்பலில் சாதாரண கே வால்வு. திறந்தால் திறக்கும், மூடினால் மூடும்.

வால்வை மாற்றிப் போட்டுப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றக் கூடாது. அமெரிக்க டேங்கின் மரை முக்கால் அங்குலம் (அது குழாய்க் கணக்குப் பெயர், உண்மையில் 25 மில்லிமீட்டரைவிடச் சற்று அகலம்), ஐரோப்பாவுடையது 25 மில்லிமீட்டர். எம்25 வால்வு முக்கால் அங்குலக் கழுத்தில் சில சுற்று ஏறும், பிடித்துக்கொண்ட மாதிரியே இருக்கும். நான் தொழில் கற்றுக்கொண்ட ஒரு பட்டறையில் யாரோ அப்படி மாட்டிக் காற்றடிக்க, வால்வு ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. நல்லவேளை, அந்த நேரம் எல்லோரும் டீக்குப் போயிருந்தார்கள். அன்றிலிருந்து மரை அளவை வாசிக்காமல் வால்வில் ஸ்பேனர் வைப்பதில்லை.

பிறகு செருப்பைக் கழற்றினேன். சாம்பலில் அழுக்குத் தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்கு வழிந்தது. குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழை எப்படியென்று தெரியுமே, பூட்டிய ஷெட்டுக்குள்ளும் பனி வந்து உட்காரும். செருப்பு விளிம்பு இருந்த இடத்தில் செம்பழுப்பு வளையம். கம்பி பிரஷ் போட்டதும் துருப்பொடி உதிர்ந்தது. அதற்குக் கீழே நகம் மாட்டும் அளவுக்குக் குழி இல்லை, மேற்பூச்சுத் துருதான். மஞ்சளில் செருப்போடு சேர்த்தே பெயின்ட் அடித்திருந்தார்கள்! கழற்றினால் அடியில் குழிகள் வரிசையாக, அம்மைத் தழும்பு மாதிரி.

உள்ளே பார்ப்பதற்கு முன்னால் மீதிக் காற்றை வெளியே விட வேண்டும். மஞ்சளில் இன்னும் கொஞ்சம் அழுத்தம் இருந்தது, புஸ்ஸென்று வந்தது. அந்தப் பையன் மூக்கை நீட்டினான், பிடித்து இழுத்துவிட்டேன். துருப்பிடிப்பது என்றாலே ஆக்சிஜனைத் தின்பதுதான். உப்புத்தண்ணீர் கொஞ்சம் உள்ளே இருந்து, பல வருடம் மூடிக் கிடந்த ஸ்டீல் டேங்கின் காற்றில் ஆக்சிஜன் மிச்சமிருக்கும் என்று நம்பக் கூடாது. பார்க்க நல்ல காற்று, இழுத்தால் மயக்கம்.

முழுக்க இறங்கியதும் வால்வைக் கழற்றி, ஒயரில் கட்டிய சின்ன எல்.இ.டி. பல்பை இறக்கினேன். இத்தாலி டேங்கின் ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் ஆரஞ்சுக் கோடு. படுக்கவைத்திருக்கிறார்கள். ஸ்டீல் டேங்கில் அடிப்பக்கம்தான் கனம், நிறுத்திவைத்தால் தண்ணீர் கனத்த இடத்தில் தேங்கும். படுக்கவைத்தால் மெல்லிய சுவரை அரிக்கும். இது பொடித்துரு, உள்ளே சொரசொரப்பான கற்களைப் போட்டு உருட்டிச் சுத்தம் செய்தால் போய்விடும். மஞ்சளுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பூச்சு, அவித்த முட்டைத்தோல் மாதிரி உரிந்து தொங்கியது. துரு வராமலிருக்கப் பழைய காலத்தில் பூசியது. உரிந்த பிறகு ஈரம் அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். துரு எவ்வளவு ஆழம் என்று யாராலும் பார்க்க முடியாது.

ஹைட்ரோ டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பார்க்கலாம்தான். தண்ணீர் நிரப்பி 3ஏஏ டேங்கை வேலை அழுத்தத்தின் மூன்றில் ஐந்து பங்குக்கு, அதாவது 3750-க்கு ஏற்றுவார்கள். விரிந்ததில் பத்து சதவீதத்துக்கு மேல் திரும்பச் சுருங்காவிட்டால் கழித்துவிடுவார்கள். ஆனால் பூச்சை உரித்தெடுக்கும் கூலியும் டெஸ்ட் கூலியும் சேர்ந்தால் டேங்கின் விலையைத் தாண்டிவிடும்.

அதைவிடப் பெரிய தடை சட்டம். வாயு உருளை விதிகள் 2016 படி, சிலிண்டரும் வால்வும் முதன்மை வெடிபொருள் கட்டுப்பாட்டாளர் ஒப்புதல் தந்த வகையாக இருந்தால்தான் நிரப்பலாம். நாக்பூரில் தலைமையகம் உள்ள பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு) அமைப்பின் வேலை அது. பெட்டியில் போட்டு வெளிநாட்டிலிருந்து தூக்கிவந்த டேங்குக்கு அந்தக் காகிதம் எங்கிருந்து வரும்? அம்மாவிடம் ஏதாவது பத்திரம் இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அதில் ரேஷன் கார்டு நகல், டாக்டர் சீட்டு எல்லாவற்றுக்கும் அடியில், இத்தாலி டேங்கின் வரிசை எண்ணோடு டெஸ்ட் சான்றிதழும் ஒப்புதல் கடித நகலும். மூடப்போன ஒரு டைவ் சென்டரிடம் கணவர் வாங்கியதாம். மஞ்சளுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அலுமினியம் புதிதாகவே கிடைக்கும்போது பழைய ஸ்டீலை யார் வாங்குவார்கள் என்று பையன் கேட்டான். நியாயமான கேள்வி. 11 லிட்டர் அலுமினிய டேங்க் காலியாகும்போது தண்ணீரில் இரண்டு கிலோ அளவுக்கு மேலே இழுக்கும், அதைச் சரிக்கட்ட இடுப்பில் கூடுதல் ஈயம் கட்ட வேண்டும். ஸ்டீலில் அந்தத் தொல்லை குறைவு. உப்பில் துருவோடு மாரடிக்கத் தயாராக இருப்பவர்களுக்கு ஸ்டீல்தான் சுகம்.

சாம்பலுக்கு எட்டாயிரம் சொன்னேன். ஹைட்ரோ, உருட்டல், வால்வு கிட், எல்லாம் வாங்குபவர் செலவு. மஞ்சளுக்கு டேங்காக எதுவும் இல்லை, ஜே வால்வுக்கு மட்டும் ஆயிரத்தைந்நூறு. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "மஞ்சள்தாங்க அவருக்குப் பிடிச்சது. போன தீபாவளிக்கு என் பையன்தான் பெயின்ட் அடிச்சான்" என்றார்.

புதுச்சேரியில் டைவிங் கற்றுத்தரும் நண்பருக்கு முத்திரை, சான்றிதழ் போட்டோக்களை அனுப்பினேன். ஏழாயிரத்தைந்நூறுக்கு முடித்தார். மஞ்சளை அம்மா விற்கவில்லை. வால்வைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டார். டேங்கின் அடியை நான் அறுத்துக் கொடுத்தேன். இப்போது அது கேட் பக்கத்தில், எஸ்டேட்டுகளில் தண்டவாளத் துண்டைத் தொங்கவிடுவார்களே அதுபோல, மணியாகத் தொங்குகிறது. கட்டையால் தட்டினால் கீழ் ரோடு வரைக்கும் கேட்கிறது.