டைசன் – ஜேக் பால் நேரலை: நெட்ஃபிளிக்ஸ் காட்டியதில் எது தேறும்?

2024 நவம்பர் 15 இரவு, டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில் ஏடி அண்ட் டி ஸ்டேடியத்தில் முன்னாள் ஹெவிவெயிட் உலக சாம்பியன் மைக் டைசனும், யூடியூப்பிலிருந்து குத்துச்சண்டைக்கு வந்த ஜேக் பாலும் குத்துச்சண்டையில் மோதினார்கள். நெட்ஃபிளிக்ஸ் இதைத் தனிக் கட்டணம் எதுவும் வாங்காமல் சந்தாதாரர் எல்லோருக்கும் நேரலையில் காட்டியது. நம் ஊர்க் கணக்கில் மறுநாள் சனிக்கிழமை காலை 6:30 மணிக்கு ஆரம்பம். முழு நிகழ்ச்சியாக எடுத்துக்கொண்டால் பார்க்கத் தகுந்ததுதான். ஆனால் அந்தப் பெருமை அதே இரவில் மோதிய வீராங்கனைகள் கேட்டி டெய்லருக்கும் அமாண்டா செரானோவுக்கும் போக வேண்டியது. போஸ்டரில் பெரிதாக இருந்த சண்டை, நிகழ்ச்சியிலேயே பலவீனமான பகுதி. அது அப்படித்தான் இருக்கும் என்பது ஒப்பந்த விவரங்களைப் படித்தவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2002-ல் டைசன் – லெனாக்ஸ் லூயிஸ் சண்டையை அமெரிக்காவில் வீட்டில் உட்கார்ந்து பார்க்க 54.95 டாலர். 2020-ல் டைசனும் ராய் ஜோன்ஸும் மோதிய காட்சிப் போட்டிக்கு (வெற்றி தோல்வி கணக்கில் ஏறாதது) 49.99 டாலர். இங்கே மாதச் சந்தா கட்டியிருந்தால் போதும். அப்போது இந்தியாவில் அது 149 ரூபாயில் தொடங்கி 649 வரை இருந்தது.

படம் வந்த விதம்தான் முதல் பெரிய புகார். உச்ச நேரத்தில் ஒரே சமயத்தில் 6.5 கோடி ஸ்ட்ரீம்கள் ஓடியதாக நெட்ஃபிளிக்ஸே சொன்னது. பல நாடுகளிலும் படம் நின்று நின்று வந்தது, மங்கியது, சிலருக்கு முழுதாகவே அறுந்தது. வழக்கமான படமோ தொடரோ பார்க்கும்போது இந்தத் தொல்லை அரிது. அந்தக் கோப்புகளை நெட்ஃபிளிக்ஸ் முன்கூட்டியே இணைய நிறுவனங்களுக்குள் வைத்திருக்கும் தன்னுடைய சர்வர்களில் ஏற்றிவிடும். நம் டிவியும் வரப்போகும் காட்சிகளைக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்ளும். நேரலையில் முன்னால் இறக்கி வைக்க எதுவும் இல்லை. சில விநாடித் துண்டுகளாக வருவதை அப்படி அப்படியே காட்டியாக வேண்டும். வழியில் எங்காவது நெரிசல் என்றால் உடனே திரையில் தெரிந்துவிடும். இன்னொரு பெரிய நேரலை வரும்போது டிவிக்கு வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிள் போடுங்கள். படம் சுற்றிக்கொண்டே நின்றால் ஆப்பை முழுதாக மூடித் திறந்து பாருங்கள். உங்கள் வீட்டுப் பக்கத் தடங்கலுக்குத்தான் இது மருந்து, கோளாறு அவர்கள் பக்கம் என்றால் இதனாலும் பயனில்லை. ஒலியிலும் குறை இருந்தது, முன்னாள் சாம்பியன் எவாண்டர் ஹோலிஃபீல்டின் பேட்டியே ஒழுங்காகக் கேட்கவில்லை.

முன்னால் நடந்த சண்டைகளில் நமக்கு ஒரு சொந்தக் காரணமும் இருந்தது. ஹரியானாவின் நீரஜ் கோயத், பிரேசிலின் விண்டர்சன் நூனஸை 6 ரவுண்டில் புள்ளிகளில் வென்றார். அந்த அரங்கத்தில் ஒரு இந்தியக் குத்துச்சண்டை வீரர் கை உயர்த்தி நின்றதைப் பார்த்ததே மகிழ்ச்சி.

டெய்லர் – செரானோ இரண்டாவது சந்திப்பு, தலா 2 நிமிடம் கொண்ட 10 ரவுண்டு. தலைகள் மோதியதில் செரானோவின் வலது கண்ணுக்கு மேலே ஆழமாகக் கிழிந்து, ரவுண்டுக்கு ரவுண்டு ரத்தம் வழிந்தது. கட்மேன் (காயத்தைக் கவனிக்கும் உதவியாளர்) ஒரு நிமிட இடைவேளையில் அடைத்து அனுப்புவார், அடுத்த ரவுண்டில் அது மறுபடி திறந்துகொள்ளும். தலையால் முட்டியதற்காக 8-வது ரவுண்டில் டெய்லருக்கு ஒரு புள்ளி வெட்டு. குத்துகளை எண்ணும் கம்ப்யூபாக்ஸ் கணக்கில் செரானோ இலக்கில் இறக்கிய குத்துகள் 324, டெய்லர் 217. ஆனாலும் மூன்று நடுவர்களும் 95–94 என்று டெய்லருக்கே கொடுத்தார்கள். அந்தத் தீர்ப்பு செரானோவுக்குச் செய்த அநியாயம் என்றே படுகிறது. எண்ணிக்கை மட்டும் வைத்து ரவுண்டைக் கொடுக்க முடியாது, குத்தின் தரமும் பார்க்க வேண்டும், அது சரி. இங்கே தரமும் பல ரவுண்டுகளில் செரானோ பக்கம்தான் இருந்தது.

இனி டைசன். வயது 58, எதிராளிக்கு 27. டைசனின் முந்தைய தொழில்முறைச் சண்டை 2005 ஜூன் 11; இடையில் 19 ஆண்டு 5 மாதம். சண்டை தலா 2 நிமிடமாக 8 ரவுண்டு, அதாவது மொத்தம் 16 நிமிடம். உலகப் பட்டச் சண்டை என்றால் 36 நிமிடம். கிளவுஸ் 14 அவுன்ஸ், ஒன்று ஏறக்குறைய 400 கிராம். ஹெவிவெயிட் வழக்கம் 10 அவுன்ஸ், அதாவது 283 கிராம். இவ்வளவு தளர்த்திய பிறகும் டெக்சாஸில் சண்டைகளுக்கு அனுமதி தரும் ஆணையம் இதைக் காட்சிப் போட்டியாக வைக்காமல் முழுத் தொழில்முறைச் சண்டையாக அனுமதித்தது. ஆகவே தோல்வி டைசனின் கணக்கில் நிரந்தரமாக ஏறியது: 50 வெற்றி, 7 தோல்வி.

மூன்று நடுவர்களும் பாலுக்கே கொடுத்தார்கள்: 80–72, 79–73, 79–73. பால் வீசிய 278 குத்துகளில் 78 இறங்கின. டைசன் வீசியது 97, இறங்கியது 18. ரவுண்டுக்கு 12 வீசி இரண்டோ மூன்றோ இறக்கியிருக்கிறார். பலர் இதைப் பார்த்து ‘டைசனின் பலம் போய்விட்டது’ என்றார்கள். குத்தின் பலம் ஒரு வீரரிடம் கடைசியாகத்தான் குறையும். இங்கே போனது நிற்கும் இடம்.

டைசன் 5 அடி 10 அங்குலம், கைவீச்சு 71 அங்குலம். பால் 6 அடி 1 அங்குலம், 76 அங்குலம். டைசன் தன் வாழ்நாளில் சந்தித்த பெரும்பாலானவர்கள் இவரைவிட உயரம்தான். அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் இளவயதுப் பயிற்சியாளர் கஸ் டமாட்டோ நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில்லில் அவருக்கு ‘பீக்-அ-பூ’ பாணியைப் பழக்கினார். இரண்டு கையும் கன்னத்தோடு ஒட்டியிருக்கும். எதிராளியின் ஜாப் (முன்கையால் நேராக விடும் குத்து) வரும்போது தலை பக்கவாட்டில் நழுவும். முழங்கால் மடங்கி உடம்பு கீழே போய், எழும்போது உள்ளே புகுந்து ஹூக்கோ (வளைத்து அடிப்பது) அப்பர்கட்டோ (கீழிருந்து மேலே அடிப்பது) வரும். ஒவ்வொரு முறை உள்ளே போவதும் ஒரு அரைத் தோப்புக்கரணம். 20 வயதில் ஒரு ரவுண்டில் இதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். முழங்காலில் பட்டை போட்டு நின்ற 58 வயதுக்காரரால் முதல் ரவுண்டைத் தாண்டிச் செய்ய முடியவில்லை. முழங்கால் மடங்காவிட்டால் தலை அசையாது, தலை அசையாவிட்டால் ஜாபைத் தாண்டி உள்ளே போக வழியில்லை. குத்தும் தூரத்துக்கு வெளியிலேயே நின்றபடி கிளவுஸைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். வீசினால் எட்டாது என்று அவருக்கே தெரிந்ததால்தான் 97-உடன் நின்றது.

மூன்றாவது ரவுண்டில் பாலின் இடது கைக் குத்துகளுக்கு டைசன் தடுமாறியது கண்ணுக்குத் தெரிந்தது. அதன்பின் பால் வேகத்தைக் குறைத்தார். வலிக்க வைக்க விரும்பவில்லை என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். மனிதாபிமானம் என்று பார்த்தால் அவர் செய்தது சரி. பார்வையாளருக்கு ‘போட்டி’ என்று சொல்லித்தானே காட்டினார்கள் என்ற கேள்வி மட்டும் நிற்கிறது.

சண்டைக்கு முன் வெளியான டைசனின் பயிற்சி வீடியோக்கள் பலரையும் ஏமாற்றின. பேட் (பயிற்சியாளர் கையில் மாட்டும் மெத்தை) அடிக்கும் வீடியோவில் பயிற்சியாளர்தான் பேடை வீரரின் கைக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார், தூரத்தை அவரே சரிசெய்கிறார், திருப்பி அடிப்பதும் இல்லை. பத்து விநாடித் துண்டில் கைவேகம் மட்டும் தெரியும். கால், மூச்சு, எதிர்க்குத்து வரும்போது கண் என்ன செய்கிறது என்பது எதுவும் அதில் இருக்காது. வயதான வீரரின் நிலை தெரிய வேண்டுமென்றால் ஸ்பாரிங்கில் (எதிராளியோடு செய்யும் பயிற்சிச் சண்டை) தொடர்ச்சியாக மூன்றாவது, நான்காவது ரவுண்டைக் காட்டும் வெட்டாத காட்சி வேண்டும். அதை வெளியிடவே இல்லை என்றால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இதைவிடக் கனமான விஷயம் உடல்நிலை. முதலில் குறித்த தேதி ஜூலை 20. மே மாதம் மயாமியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் போகும் விமானத்தில் டைசனுக்கு வயிற்றுப்புண் தொல்லை வந்து சண்டை தள்ளிப்போனது. அதில் பாதி ரத்தம் போய், 8 முறை ரத்தம் ஏற்றி, 25 பவுண்டு எடை இறங்கி, சாவின் விளிம்புக்குப் போய் வந்ததை அவர் முழுதாகச் சொன்னது சண்டை முடிந்த பிறகுதான். அறுபதை நெருங்கும் ஒருவர் இவ்வளவு ரத்தம் இழந்து ஐந்தே மாதத்தில் ரிங்குக்குள் ஏறுகிறார் என்று முன்பே முழுதாகச் சொல்லியிருந்தால், அந்த அரங்கத்தில் எத்தனை பேர் ஆரவாரம் செய்திருப்பார்கள்? முழு நிகழ்ச்சியிலும் மன்னிக்க முடியாத குறை இதுதான்.

டைசனின் இதற்கு முந்தைய கடைசி மூன்று தோல்விகளையும் வரிசையாகப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருந்திருக்காது. 2002 ஜூன் 8, மெம்ஃபிஸ். லூயிஸின் கைவீச்சு 84 அங்குலம். இறங்கிய குத்துகள் லூயிஸுக்கு 193, டைசனுக்கு 49. எட்டாவது ரவுண்டில் நாக் அவுட். முதல் ரவுண்டில் மட்டும் டைசன் உள்ளே புகுந்தார், பிறகு ஜாப் அவரை வெளியிலேயே நிறுத்தியது. 2004 ஜூலை 30, லூயிவில். டேனி வில்லியம்ஸை முதல் ரவுண்டிலேயே தடுமாற வைத்தார். அதே ரவுண்டில் இடது முழங்கால் பழுதாகி, நான்காவதில் கயிற்றோரம் உட்கார்ந்துவிட்டார். 2005 ஜூன் 11, வாஷிங்டன். கெவின் மெக்பிரைடுக்கு எதிராக இரண்டு நடுவர் அட்டைகளில் 57–55 என்று முன்னிலையில் இருந்தும், ஆறாவது ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழவில்லை. தனக்கு இனி இதில் மனமில்லை என்று அன்றே வெளிப்படையாகச் சொன்னார். மூன்றிலும் முதல் ரவுண்டுகள் நன்றாகவே இருக்கும், பிறகு கால் நிற்கும், கடைசியில் கை நிற்கும். 2024-ல் வித்தியாசம், அந்தச் சரிவு இரண்டாவது ரவுண்டிலேயே ஆரம்பித்ததுதான்.

வர்ணனையாளர் மேசையில் ராய் ஜோன்ஸ் இருந்தது பொருத்தமான தேர்வு. 2003 மார்ச்சில் ஜான் ரூயிஸை வென்று ஹெவிவெயிட் பட்டம் எடுத்த மனிதர். 2004 மே மாதம் அன்டோனியோ டார்வரிடம் இரண்டாவது ரவுண்டில் விழுந்தார், அதே செப்டம்பரில் க்ளென் ஜான்சனிடம் ஒன்பதாவது ரவுண்டில். அவருடைய ஆட்டமும் அனிச்சை வேகத்தை நம்பியது; கையைத் தொங்கவிட்டு, தலையை இழுத்துத் தப்பிப்பார். அந்த வேகம் மயிரிழை குறைந்ததும் அதே அசைவில் தாடை நேராகக் குத்தில் போய் நின்றது. வயதோடு எது முதலில் போகும் என்பதை உடம்பாலேயே அறிந்தவர் அவர். அந்த அனுபவத்தை வைத்து டைசனின் கால்களைப் பற்றி அவரை இன்னும் வெளிப்படையாகப் பேச வைத்திருக்கலாம்.

முன்னாள் சாம்பியன் ஒருவர் திரும்பி வருகிறார் என்று அடுத்த விளம்பரம் வரும்போது ரவுண்டின் நீளம், கிளவுஸ் எடை, கடைசிச் சண்டையின் தேதி ஆகியவற்றோடு எந்த மாநிலம் அனுமதி கொடுத்தது என்பதையும் பாருங்கள். கண்டிப்பான ஆணையம் மறுத்து வேறு ஊருக்குப் போன சண்டை என்றால் யோசிக்க வேண்டும். முகமது அலி 1980 அக்டோபரில் லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸிடம் அடிபட்டு, பத்தாவது ரவுண்டுக்குப் பிறகு அவருடைய கார்னரே (பயிற்சியாளர் குழு) சண்டையை நிறுத்தியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவரை பஹாமாஸுக்குக் கொண்டுபோய் ட்ரெவர் பெர்பிக்குடன் மோத விட்டார்கள். ரவுண்டு மணிக்கு மாட்டுக் கழுத்து மணியை அடித்தார்கள். அலிக்கு அப்போது 39 வயது, 10 ரவுண்டிலும் நின்று தோற்றார். 2021 செப்டம்பரில் ஹோலிஃபீல்டுக்கு 58 வயது. விட்டோர் பெல்ஃபோர்டுடன் மோதவிருந்த ஆஸ்கர் டி லா ஹோயாவுக்கு கோவிட் வந்ததால் கடைசி நேரத்தில் மாற்று ஆளாக இவரை அழைத்தார்கள். கலிபோர்னியாவில் நடக்க வேண்டிய நிகழ்ச்சி ஃப்ளோரிடாவுக்கு மாறியது. விட்டோர் பெல்ஃபோர்ட் முதல் ரவுண்டிலேயே முடித்துவிட்டார். பார்த்தவர்கள் கட்டியது 49.99 டாலர்.