டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிய பாக்கி

லண்டனிலிருந்து ஊருக்கு வந்தபோது விமானம், குடியேற்ற வரிசை, பெட்டி எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போன பஸ்ஸில் எனக்கு வரவேண்டியிருந்த 465 ரூபாயைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

ஏடிஎம் எனக்கு 500 ரூபாய் நோட்டாகவே கொடுத்தது. ஏடிஎம்களில் 100, 200 ரூபாய் நோட்டுகளும் கிடைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வங்கிகளுக்குச் சொன்னது. நான் போன இயந்திரத்துக்கு அந்தச் சேதி எட்டவில்லை போலிருக்கிறது. கண்டக்டர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், 35 ரூபாய் டிக்கெட்டைக் கிழித்து அதன் பின்னால் 465 என்று கிறுக்கிக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார். அப்புறம் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

லண்டன் பஸ்களில் 2014 ஜூலையோடு ரொக்கம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அட்டையைக் காட்டினால் ஒரு பீப். கஞ்சனுக்கும் ஊதாரிக்கும் வாயில்லாப்பூச்சிக்கும் சண்டைக்காரனுக்கும் அதே பீப்தான். வருடக்கணக்காக என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இங்கே பாபநாசம் தாண்டுவதற்குள் பாதி பஸ்ஸின் குணம் தெரிந்துவிட்டது.

முன் சீட்டில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் பசுபதிகோவிலிலேயே ஆரம்பித்தார். "சார், அஞ்சு ரூபா." அய்யம்பேட்டையில் மறுபடி. கண்டக்டர் ஏமாற்றிவிடுவார் என்பதில்லை. உலகம் தன்னை மறந்துவிடும் என்ற பயம் அவருக்கு. ஒரு அம்மா தனக்கு வரவேண்டிய ஐந்து ரூபாயை, "பரவாயில்ல, வச்சுக்குங்க" என்று நாலு சீட்டுக்குக் கேட்கிற மாதிரி விட்டுக்கொடுத்தார். முந்தானை முடிச்சிலிருந்து சரியாக 35 ரூபாயை எடுத்து நீட்டிய பாட்டி அதற்குப் பிறகு ஜன்னலைவிட்டுத் திரும்பவே இல்லை. யாரிடமும் எதற்காகவும் காத்திருக்கக் கூடாது என்று முடிவெடுத்து வாழ்ந்தவர் மாதிரி இருந்தது. என் பக்கத்து சீட்டுப் பெரியவரோ வாய் திறந்து கேட்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறவர். டிக்கெட்டை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தபடி, கண்டக்டர் கடக்கும்போதெல்லாம் இருமினார்.

இத்தனைக்கும் கண்டக்டரின் பையில் 10 ரூபாய் நாணயங்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. கொடுத்தால் யாரும் வாங்குவதில்லை. அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்தாயிற்று. நம் ஆட்கள் பக்கத்துக் கடைக்காரர் வாங்குவாரா என்று பார்க்கிறார்களே ஒழிய ரிசர்வ் வங்கியைப் பார்ப்பதில்லை.

கும்பகோணத்தில் இறங்கும்போது கண்டக்டர் என் கையில் ஒரு 500 நோட்டும் 30 ரூபாயும் வைத்து, "சார், பெரியவருக்கு 65 குடுத்துடுங்க, ரெண்டு பேரும் பிரிச்சுக்குங்க" என்றார். விசில் அடித்தார். பஸ் போய்விட்டது. முன்பின் தெரியாத இருவரை இப்படி ஒரு நோட்டில் கட்டிப்போட்டுவிட்டுப் போகும் தைரியம் வேறு எந்த நாட்டுப் போக்குவரத்துக்கும் கிடையாது.

பெரியவர் என்னை ஒரு டீக்கடைக்கு இழுத்துப் போனார். சும்மா போய்ச் சில்லறை கேட்டால் தரமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. டீ குடித்து முடித்து நோட்டை நீட்டினால், "சில்லறை இல்லண்ணே, ஜிபே பண்ணுங்க" என்று பதில். சில வெளிநாடுகளின் போன் எண்ணிலும் யூபிஐ வைத்துக்கொள்ளலாம் என்று 2023இல் வசதி வந்துவிட்டது. பிரிட்டன் எண்ணும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அதற்கு வெளிநாட்டில் வாழ்கிற இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வேண்டும், என்னிடம் இல்லை. பெரியவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். முப்பது ரூபாய் வந்து சேர்ந்ததைக் கடைப் பெட்டி தெருவுக்கே அறிவித்தது. போனில் கட்டத் தெரிந்தவர் பஸ்ஸில் கண்டக்டரின் டிக்கெட் மிஷினில் ஏன் அதைச் செய்யவில்லை என்று கேட்டேன். "அந்த மிஷின்ல போயிடுச்சுன்னா யார்கிட்ட போய்க் கேக்கறது தம்பி?" என்றார். டீக்கடைக்காரர் நாளைக்கும் இங்கேயே இருப்பாராம்.

கடைசியில் பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா சுருக்குப்பையைத் திறந்து 500க்குச் சில்லறை கொடுத்தார். ஒரு முழம் பூ வாங்குங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. "எண்ணிப் பாத்துக்குங்க தம்பி" என்றார். நான் அப்படியே பையில் வைக்கப் போனேன். பெரியவர் பிடுங்கி, ஒருமுறைக்கு இருமுறை எண்ணினார். தனக்கு வரவேண்டிய 65 ரூபாயை ஒரு ரூபாய்கூட விடாமல் எடுத்துக்கொண்டார். அதையும் நோட்டாகவே பொறுக்கிக்கொண்டு, பத்து ரூபாய் நாணயங்களை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"சரி, என் டீக்கு பதினஞ்சு" என்று நீட்டினேன். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"பாக்கி வேற, டீ வேற தம்பி. டீக்குப் போய்க் காசு குடுப்பாங்களா?"

லண்டனில் என் அலுவலகத்து நண்பர்கள் சாப்பிட்டு முடித்ததும் பில்லைக் கடைசிப் பென்னி வரைக்கும் பிரித்து ஆப்பில் அனுப்பிவிடுவார்கள். நியாயம்தான், யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. ஆனால் யார் கணக்கானவர், யார் தாராளமானவர் என்று அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்த மனிதர் இரண்டுமாக இருந்தார், அதுவும் அரை மணிக்குள். வலங்கைமான் பஸ் வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் ஏறிவிட்டார்.

என் தலையில் விழுந்த நாணயங்களை மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு பெட்டிக்கடையில் கொடுத்துப் பார்த்தேன். "இதெல்லாம் ஓடாது சார்." மருந்துக் கடையிலும் அதே பதில். கும்பேஸ்வரர் கோயில் உண்டியல்தான் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.