ஒரு ஃபீடர் எவ்வளவு சோலார் தாங்கும்? கணக்கிட மூன்று வழிகள்

கூரை சோலார் விண்ணப்பங்கள் குவியத் தொடங்கியதும் மின்பகிர்மான நிறுவனத்தின் திட்டப் பிரிவு ஒரே கேள்விக்குத்தான் விடை தேடுகிறது: இந்த ஃபீடரில், அதாவது துணைமின் நிலையத்திலிருந்து ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் லைனில், இன்னும் எவ்வளவு சேர்க்கலாம்? இதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மென்பொருளைவிட, கையில் இருக்கும் மீட்டர் தரவுதான் தீர்மானிக்கிறது.

மிக எளியது 15 சதவீத விதி. ஒரு லைன் பகுதியில் சேரும் மொத்த உற்பத்தித் திறன், அந்தப் பகுதியின் ஆண்டு உச்ச லோடில் 15 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் விரிவான ஆய்வின்றி அனுமதி. கலிஃபோர்னியாவின் மின் இணைப்பு விதியான விதி 21-இல் இடம்பெற்று அமெரிக்கா முழுக்கப் பரவியது இது. குறைந்தபட்ச லோடு உச்சத்தில் சுமார் 30 சதவீதம் இருக்கும், அதில் பாதியோடு நிறுத்திக்கொண்டால் மின்சாரம் துணைமின் நிலையத்தை நோக்கித் திரும்பிப் பாயாது என்பதே கணக்கு. உச்சம் 4 மெகாவாட் என்றால் எல்லை 600 கிலோவாட். கால்குலேட்டர் போதும்.

ஆனால் ஃபீடரின் குறைந்தபட்ச லோடு பெரும்பாலும் விடியலுக்கு முன்னால்தான் வரும். அந்த நேரத்தில் சோலாருக்கு வேலையே இல்லை. காலை 10 முதல் மாலை 4 வரையுள்ள குறைந்தபட்ச லோடைப் பார்க்க வேண்டும். அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2013-இல் விதிகளைத் திருத்தியபோது, 15 சதவீதத்தைத் தாண்டும் விண்ணப்பங்களுக்கான துணை ஆய்வில் அந்தப் பகல் குறைந்தபட்ச லோடின் 100 சதவீதம் வரை இடம் கொடுத்தது. மேற்சொன்ன ஃபீடரில் பகல் குறைந்தபட்சம் 1.4 மெகாவாட் என்றால், எல்லை இரண்டு மடங்குக்கும் மேல் உயர்கிறது. மணிவாரி தரவு இருக்கும் இடத்தில் 15 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டிருக்க எந்த நியாயமும் இல்லை.

சதவீத விதிகளின் பெரிய ஓட்டை, சோலார் எந்த இடத்தில் இணைகிறது என்பதைக் கவனிக்காதது. டிரான்ஸ்ஃபார்மரில் 240 வோல்ட் இருக்கும் ஒரு லைனை எடுத்துக்கொள்வோம். கடைசி வீடுவரை ஃபேஸ் கம்பிக்கு 0.25 ஓம், நியூட்ரலுக்கு 0.25 ஓம். அங்கே சிங்கிள் ஃபேஸில் 5 கிலோவாட் வெளியே வந்தால் சுமார் 20 ஆம்பியர் ஓடி, மின்னழுத்தம் 10 வோல்ட் ஏறும், மொத்தம் 250. அதே ஃபேஸில், அதே இடத்தில் இன்னொரு 5 கிலோவாட் சேர்ந்தால் சுமார் 259. 230 வோல்ட்டுக்கு 10 சதவீத மேல்வரம்பான 253 தாண்டிவிட்டது. சோலார் மின்சாரத்தை ஏசி-யாக மாற்றும் இன்வெர்ட்டர்கள் நடுப்பகலில் டிரிப் ஆகும். முதல் 5 கிலோவாட்டையே மூன்று ஃபேஸிலும் சமமாகப் பிரித்தால் ஏற்றம் 2 வோல்ட்டுக்கும் குறைவு. நியூட்ரலில் மின்னோட்டம் ரத்தாவதே காரணம். புதுக் கேபிள் இழுக்கும் முன் எந்த வீடு எந்த ஃபேஸில் இருக்கிறது என்று பார்ப்பது அவ்வளவு முக்கியம்! டிரான்ஸ்ஃபார்மரின் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை ஒரு படி, அதாவது 2.5 சதவீதம், இறக்கினால் சுமார் 6 வோல்ட் குறையும். ஆனால் சோலார் இல்லாத மாலை உச்சத்தில் அதே கடைசி வீட்டில் மின்னழுத்தம் தாழ்ந்துபோகும். இரண்டு நேரத்தையும் சோதித்த பிறகே டேப்பில் கைவைக்க வேண்டும்.

இந்த நுணுக்கத்தைப் பிடிப்பது இரண்டாவது வழியான தாங்குதிறன் ஆய்வு. ஃபீடரின் மாதிரியை உருவாக்கி, ஒவ்வொரு இடத்திலும் சோலாரைப் படிப்படியாகக் கூட்டி, மின்னழுத்தம், கண்டக்டர் சூடு, பழுது வந்தால் லைனைத் துண்டிக்க வைக்கும் பாதுகாப்பு ரிலே இவற்றில் எது முதலில் மீறப்படுகிறது என்று பார்ப்பார்கள். கலிஃபோர்னியாவில் இதை 576 மணிநேரங்களுக்குச் செய்கிறார்கள்: 12 மாதம், மாதத்துக்கு ஓர் உச்ச நாள், ஒரு குறைந்த லோடு நாள், நாளுக்கு 24 மணி. மூன்றில் துல்லியமானது இதுவே, ஆனால் மாதிரி சரியாக இருந்தால் மட்டும். ஃபேஸ் விவரமும் கம்பி அளவும் பதிவேட்டில் தப்பாக இருந்தால் முடிவும் தப்பு. இன்னொரு வழக்கமான கோளாறு, லைனின் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர். மின்சாரம் திரும்பிப் பாய்ந்ததும், சப்ளை மறுபக்கத்திலிருந்து வருகிறது என்று முடிவுசெய்து, துணைமின் நிலையப் பக்கத்தைச் சீராக்க முயன்று டேப்பைக் கடைசிவரை ஓட்டிவிடும். அந்த அமைப்பை உள்ளூர் உற்பத்திக்கு ஏற்ற முறைக்கு மாற்றாமல் மாதிரி 'தாங்கும்' என்று சொன்னால் நம்பக்கூடாது.

மூன்றாவது வழி நெகிழ்வு வரம்பு. நிலையான ஒரே எண்ணுக்குப் பதிலாக, வீட்டிலிருந்து லைனுக்கு எவ்வளவு அனுப்பலாம் என்ற ஏற்றுமதி வரம்பை நேரத்துக்கேற்ப நிறுவனம் இன்வெர்ட்டருக்கு இணையவழி அனுப்புகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் நெரிசலான பகுதிகளில் நிலையான வரம்பு 1.5 கிலோவாட், நெகிழ்வு முறையை ஏற்பவர்களுக்கு ஒரு ஃபேஸுக்கு 10 கிலோவாட் வரை. தொடர்பு அறுந்தால் 1.5-க்குத் தானாக இறங்கிவிடும். ஆண்டில் சில மணிநேர நெரிசலுக்காக எல்லோரையும் எப்போதும் கட்டிப்போடாத இந்த முறைதான் சோலார் அடர்ந்த இடங்களுக்கு ஏற்றது. ஆனால் லைனின் கடைசி வீட்டுக்காரரே அடிக்கடி வெட்டப்படுவார். வரம்பை எப்படிப் பங்கிடுவது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

மின்னழுத்தத்தைப் பார்த்து ரியாக்டிவ் பவரை (வேலை செய்யாமல் லைனில் வந்துபோகும் மின்திறனை) மாற்றும் இன்வெர்ட்டரின் வோல்ட்-வார் வசதி மூன்று வழிகளுக்கும் துணை. மின் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.-யின் 1547-2018 தரம், அது வகுத்த 'பி' வகை இன்வெர்ட்டர் தன் திறனில் 44 சதவீதம் வரை ரியாக்டிவ் பவரை உறிஞ்ச வல்லதாக இருக்க வேண்டும் என்கிறது. 11 கிலோவோல்ட் லைனில் இது நன்றாக உதவும். ரெசிஸ்டன்ஸ் மிகுந்த தாழ்வழுத்தக் கேபிளில் பலன் குறைவு.

இதுவரை சொன்னது ஃபீடர் தாங்குமா என்பது. சோலார், பேட்டரி போன்ற உள்ளூர் வளங்களே ஃபீடரின் உச்ச லோடைத் தாங்குமா என்பது தனிக் கணக்கு. நியூயார்க்கின் புரூக்ளின்-குவீன்ஸ் பகுதியில் கான் எடிசன் என்ற மின் நிறுவனம் 100 கோடி டாலருக்கு மேல் செலவாகும் துணைமின் நிலையத்தைத் தள்ளிப்போட, 2014-இல் 20 கோடி டாலர் திட்டத்துக்கு அனுமதி பெற்றது. இலக்கு 52 மெகாவாட். அதில் 41 வாடிக்கையாளர் பக்கம். அங்கே உச்சம் இரவு 9 மணியையொட்டி வந்ததால் சோலார் மட்டும் உதவியிருக்காது. சிக்கன விளக்குகள், பேட்டரி, எரிபொருள் கலம் எல்லாம் மணிவாரியாக அடுக்கப்பட்டன. பேட்டரியா கம்பியா என்று ஒப்பிடும்போது முதலில் வரைய வேண்டியது இந்த மணிவாரி வரைபடம்தான். மிகை லோடு 2 மணிநேரம் நீடித்தால் பேட்டரி வெல்லும். 10 மணிநேரம் நீடித்தால் பெரும்பாலும் கம்பிதான்.