சீமெந்துத் தரைக்கு ஒன்று, ஹோட்டன் சமவெளிக்கு ஒன்று: முதுகுப்பையில் கட்டும் பாயைத் தெரிவது எப்படி?

பங்குனி வெக்கையில் பனையோலைப் பாயில் படுத்தால் முதுகு குளிர்ந்து சுகமாக இருக்கும். உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்காமல் சீமெந்துத் தரைக்கு விட்டுவிடுவதுதான் அந்தச் சுகத்தின் காரணம். அதே பாயைத் தை மாதத்தில் ஹோட்டன் சமவெளிக்குக் கொண்டுபோனால் அதே குணம் ஆளை நடுங்க வைக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்து மலையேறப் போகிற பலர் போர்வை, ஜக்கெற், கம்பளித் தொப்பி என்று மேலே போடுவதற்கெல்லாம் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். கீழே விரிப்பதற்கு மட்டும் வீட்டில் கிடக்கும் யோகா பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறார்கள். ஆறு மில்லிமீற்றர் பிவிசி யோகா பாய் ஒரு கிலோவுக்கு மேல் நிறை, குளிரையும் தடுக்காது. இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமற்ற ஒன்றைத் தேடிப் பிடிப்பது கடினம்.

போர்வையும் உறக்கப்பையும் சூடு காப்பது அவற்றின் பஞ்சுக்குள் தங்கிய காற்றால். நாம் மேலே படுத்தவுடன் முதுகுக்குக் கீழே உள்ள பஞ்சு நசுங்கிவிடும். காற்றுப் போனால் காப்பும் போயிற்று. உறக்கப்பையில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலை எண்கூட, கீழே நல்ல பாய் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டே அளக்கப்படுகிறது. ஆகவே கீழ்ப்பக்கக் குளிருக்குப் பாய் மட்டுமே பொறுப்பு.

ஆர் பெறுமானம் சொல்லும் கணக்கு

பாய் வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் எண் ஆர் பெறுமானம். எண் கூடக் கூடக் காப்பும் கூடும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உறங்கும் மனிதர் ஒருவரின் உடல் ஏறத்தாழ 70 வாற்று வெப்பத்தை உண்டாக்குகிறது. தரையோடு அழுந்தும் பரப்பு 0.4 சதுர மீற்றர், தோலுக்கும் நிலத்துக்கும் இடையே 25 பாகை வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே காப்பு எதுவும் இல்லாத வெறும் காற்றுப் பாயின் ஆர் பெறுமானம் 0.7 அளவில் இருக்கும். அதில் படுத்தால் கீழ்ப்பக்கத்தால் மட்டும் 80 வாற்று போய்விடும். உடம்பு உண்டாக்குவது முழுவதும் நிலத்துக்கே போய், இன்னும் கடன். ஆர் 2 உள்ள பாயில் இந்த இழப்பு 28 வாற்றாகக் குறையும், 4.5 இல் 13க்குக் கிட்ட வரும். 0.7 இல் இருந்து 2 க்குப் போவதில் கிடைக்கும் இலாபம் மிகப் பெரியது, 4.5 இல் இருந்து 7 க்குப் போவதில் கிடைப்பது ஒரு சில வாற்று. காசை எங்கே போடுவது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

வாங்கும்போது பெட்டியிலோ விபரத் தாளிலோ ஏஎஸ்ரிஎம் எஃப்3340 என்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். ஊதிய பாயை ஒரு சூட்டுத் தட்டுக்கும் குளிர்த் தட்டுக்கும் இடையில் அழுத்தி அளக்கும் முறை இது. 2018 இல் வந்தது. 2020 அளவில் பெரிய நிறுவனங்கள் இதற்கு மாறின. அதற்கு முன்னர் ஒவ்வொருவரும் தத்தம் முறைப்படி அளந்தார்கள், ஆகவே பழைய பாயின் எண்ணைப் புதியதோடு ஒப்பிட வேண்டாம். இணையத்தில் மலிவாக வரும் பாய்களில் "மைனஸ் 10 பாகை வரை" என்று மட்டும் எழுதி, ஆர் பெறுமானத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் அதை வெறும் காற்றுப் பாய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வசதி: ஒன்றின்மேல் ஒன்று விரித்தால் ஆர் பெறுமானங்கள் கூட்டப்படும். 2 உம் 2.8 உம் சேர்ந்தால் 4.8.

மடிப்பு ஃபோம் பாய்

தெர்மரெஸ்ட்டின் இசட் லைட் சோல், நீமோவின் சுவிட்ச்பேக் ஆகிய இரண்டும் இந்த வகையில் நேர்ப் போட்டியாளர்கள். முட்டைத் தட்டுப் போலக் குழி விழுந்த பொலித்தீன் ஃபோம், விசிறி மடிப்பு. இரண்டுக்கும் ஆர் 2. முழு நீளப் பாய் இரண்டிலும் 410 கிராமைச் சுற்றித்தான் நிறை. தடிப்பு இசட் லைட் 2 சென்ரிமீற்றர், சுவிட்ச்பேக் அதைவிடச் சற்றுக் கூட. வேறுபாடு அவ்வளவுதான். கையில் கிடைப்பதை, விலை குறைந்ததை எடுக்கலாம்.

இதன் பலம் முழுவதும் உடையாமையில் இருக்கிறது. முள் குத்தினால் குத்திக்கொண்டு இருக்கட்டும், பாய்க்கு ஒன்றும் ஆகாது. நெருஞ்சி, உடை முள், ஈச்ச முள், பனங்கருக்கு என்று எங்கள் நிலம் முழுக்கக் கூர்மை. பேருந்துத் தரிப்பிலும் குளக்கட்டிலும் விரித்து உட்காரலாம். மூடிய கண்ணறை ஃபோம் தண்ணீரை உறிஞ்சாது, மழையில் நனைந்தாலும் உதறினால் சரி. குறை, பருமன்: மடித்தால் 51 சென்ரிமீற்றர் நீளக் கட்டு. பைக்கு வெளியேதான் கட்ட வேண்டும், நெரிசலான பேருந்தில் அடுத்தவர் முகத்தில் இடிக்கும். இரண்டாவது குறை, ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு இடுப்பெலும்பு தரையைத் தொடும். மல்லாந்து படுப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. சில வருடப் பாவனையில் தோளும் இடுப்பும் படும் இடங்களில் குழி தட்டையாகிவிடும், காப்பும் அதோடு குறையும்.

கூரைத் தகட்டுக்குக் கீழே அடிக்கிற, வெள்ளி முகம் ஒட்டிய ஐந்து மில்லிமீற்றர் ஃபோமை இதற்குப் பதிலாக விரிக்கலாமா என்று பலர் கேட்பார்கள். தனியே போதாது. வெள்ளி முகம் வேலை செய்ய அதன் முன்னால் காற்று இடைவெளி வேண்டும், உடம்போடு அழுந்தும்போது அந்தப் பளபளப்புக்குப் பயன் மிகக் குறைவு. மிஞ்சுவது ஃபோமின் காப்பு, அது ஆர் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் வேறு பாயின் கீழே முள் தடுப்பாகப் போட இதைவிட மலிவானதும் இலேசானதும் இல்லை.

தானாக ஊதும் பாய்

திறந்த கண்ணறை ஃபோமை காற்றுப் புகாத துணிக்குள் ஒட்டி, வால்வு வைத்தது. 1970களின் தொடக்கத்தில் சியாட்டிலில் வேலை இழந்த போயிங் பொறியியலாளர்கள் உருவாக்கியது, தெர்மரெஸ்ட் என்ற பெயர் இதில்தான் பிறந்தது. வால்வைத் திறந்தால் ஃபோம் விரிந்து காற்றை இழுக்கும், கடைசியில் நாலைந்து ஊதல் வேண்டும். புரோலைட் என்ற இலேசான மாதிரி 2.5 சென்ரிமீற்றர் தடிப்பு, ஆர் 2.4, அரைக்கிலோவுக்குச் சற்றுக் கூட.

இந்த எண்களைப் பார்த்தாலே தெரியும்: ஃபோம் பாயைவிட நூறு கிராம் கூட, காப்பில் சொற்ப முன்னேற்றம், அதோடு ஓட்டை விழும் பயமும். முதுகில் சுமந்து நடப்பவருக்கு இதைப் பரிந்துரைக்க எங்களிடம் வலுவான காரணம் இல்லை. வாகனம் போகும் இடத்தில் முகாம் போடுபவர்கள், ஆட்டமில்லாத உறுதியான படுக்கை வேண்டும் முழங்கால் வலிக்காரர் ஆகியோருக்குத் தடித்த மாதிரிகள் நல்லது. சுருட்டி வைத்தால் ஃபோம் எழும்பும் சக்தியை இழந்துவிடும். வீட்டில் விரித்து, வால்வைத் திறந்தே வைக்க வேண்டும்.

காப்புள்ள காற்றுப் பாய்

உண்மையான போட்டி இங்கேதான். தெர்மரெஸ்ட்டின் நியோஎயர் எக்ஸ்லைட் என்எக்ஸ்ரி: முழு நீளம் 370 கிராம், தடிப்பு 7.6 சென்ரிமீற்றர், ஆர் 4.5. சுருட்டினால் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் அளவு. அதாவது ஃபோம் பாயைவிட நிறை குறைவு, காப்பு இரண்டு மடங்குக்கு மேல். உள்ளே முக்கோண அறைகளும் வெப்பத்தைத் திருப்பும் மென்தகடும் காற்றைச் சுழல விடாமல் தடுப்பதால் இது முடிகிறது. இதன் அண்ணன் எக்ஸ்தேர்ம், ஆர் 7.3, எழுபது கிராம் அளவுதான் கூட. பனிக்கட்டி மேல் கூடாரம் போடுபவர்களுக்கானது. நேபாளத்தில் அன்னபூர்ணா, எவரெஸ்ட் அடிவார முகாம்களுக்குப் போகும் வழக்கமான பாதைகளில் விடுதிகளில் மெத்தை இருக்கிறது. அந்தப் பயணத்துக்கென்று எக்ஸ்தேர்ம் வாங்குவது வீண் செலவு.

நீமோ ரென்சர் வரிசையில் ட்ரெயில் ஆர் 2.8, ஓல்-சீசன் 5.4. ஓல்-சீசன் எக்ஸ்லைட்டை விடச் சற்று நிறை. ஆனால் புரளும்போது சரசரப்புக் குறைவு, அறைகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் விளிம்பில் உருண்டு விழும் உணர்வும் குறைவு. ஒரே கூடாரத்தில் இருவர் படுத்தால் இந்தச் சத்தம் பெரிய விடயம். தனியே போகிறவர் எக்ஸ்லைட்டையும், துணையோடு போகிறவர் ரென்சரையும் எடுக்கலாம் என்பது எங்கள் முடிவு.

விலைதான் தடை. எக்ஸ்லைட் அமெரிக்காவிலேயே 200 டொலரைச் சுற்றி. ஃபோம் பாய் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. மேலே அனுப்புகூலியும் இறக்குமதி வரியும். ஆகவே வெளிநாட்டு உறவினர் வரும்போது எடுப்பிப்பதே பலருக்கும் நடைமுறை. அப்படியானால் பழுதுபார்க்கும் ஒட்டையும் அவரிடமே சொல்லி எடுப்பியுங்கள். பின்னர் இங்கே தேடித் திரிய வேண்டியிருக்காது.

நள்ளிரவில் பாய் தளர்ந்தால் உடனே ஓட்டை என்று பதற வேண்டாம். பின்னேரம் 25 பாகையில் ஊதிய காற்று 5 பாகைக்கு வந்தால் ஏழு வீதம் சுருங்கும். படுப்பதற்கு முன் ஒருமுறை மேலதிகமாக ஊதிவிட்டால் தீரும். இதன் மறுபக்கம் ஆபத்தானது: வெயிலில் இறுக ஊதி வைத்த பாய் வீங்கி, உள்ளே அறைகளை இணைக்கும் ஒட்டுகள் பிரிந்துவிடும். நடுவில் பந்து போல ஒரு புடைப்பு எழும். அதைத் திருத்த முடியாது. பகலில் கூடாரத்துக்குள் விட்டுப்போனால் வால்வைத் திறந்து விடுங்கள். மூடிய வாகனத்துக்குள் யாழ்ப்பாண வெயிலில் வைக்கவே வேண்டாம். டீட் கலந்த நுளம்பு மருந்து பூசிய கையோடும் பாயைத் தொடாதீர்கள், அது பிளாஸ்ரிக்கை அரிக்கும்.

வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். எங்கள் காலநிலையில் அது விரைவாக நடக்கும். ஊதுபை பாவியுங்கள். அது இல்லாவிட்டால் பெரிய குப்பைப் பையின் மூலையை வெட்டி வால்வில் றப்பர் வளையத்தால் இறுக்கினாலும் வேலை நடக்கும்.

எந்த நடைக்கு எது

செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கான பாதயாத்திரை எங்கள் மண்ணின் மிக நீண்ட நடை. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை, அங்கிருந்து குமண, யால காடு என்று ஒன்றரை மாதத்துக்கு மேல். இரவுகள் சூடானவை, ஆர் பெறுமானம் இங்கே ஒரு பொருட்டே இல்லை. கோயில் மண்டபத்துச் சீமெந்து, ஆற்றங்கரை மணல், முள் நிறைந்த காடு ஆகியவற்றைத் தாங்க வேண்டும். இதற்குக் குட்டை ஃபோம் பாய்தான். இசட் லைட்டின் 130 சென்ரிமீற்றர் மாதிரி 290 கிராம். தோளில் இருந்து முழங்கால் வரை பாய், காலுக்குக் கீழே வெறுமையான பை. மேலே பருத்தி வேட்டியோ சாரமோ விரித்தால் வியர்வை ஒட்டாது. காற்றுப் பாய் கொண்டுபோனால் உகந்தைக்குப் பிறகு எந்த இரவும் நிம்மதி இல்லை.

மணற்காட்டு மணற்குன்று, கசூரினா, நெடுந்தீவு என்று ஓரிரவு போகிறவர்களுக்கும் இதுவே. மார்கழியில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது.

நக்கிள்ஸில் மீமுரே போன்ற தாழ்ந்த கிராமங்களைச் சுற்றியும், மலைநாட்டு நடைபாதையான பீகோ ட்ரெயிலின் நடு உயரப் பகுதிகளிலும் ஆர் 2 சமாளிக்கும். குளிர் தாங்காதவர் அடியில் கூரை ஃபோமைப் போடலாம்.

ஹோட்டன் சமவெளி வேறு உலகம். 2,100 மீற்றருக்கு மேலே, தை மாசியில் புல்லில் உறைபனி விழும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி பெற்று முகாமிடுவோர் ஆர் 4 க்குக் குறையாமல் கொண்டுபோக வேண்டும். வெக்கையில் வளர்ந்த உடம்புக்குக் குளிர் நாட்டுக்காரர் சொல்லும் 3 போதும் என்ற அளவை நம்ப வேண்டாம். எக்ஸ்லைட் தனியே போதும், அல்லது ரென்சர் ட்ரெயிலின் கீழே ஃபோம் பாய். பிந்தியதில் நிறை இரட்டிக்கும். ஆனாலும் நடு இரவில் காற்றுப் பாய் ஓட்டையானால் வெறும் நிலத்தில் படுக்க நேராது.

முதலில் ஃபோம் பாயை வாங்குங்கள். மலை ஏறும் பழக்கம் நிலைத்தால் பிறகு காற்றுப் பாயைச் சேருங்கள். முதல் பாய் அப்போதும் வீணாகாது.

ஓட்டை விழுந்தால்

புதுப் பாயை வீட்டுத் தரையில் இறுக ஊதி, மேலே அரிசி மூட்டையோ புத்தகக் கட்டோ வைத்து ஓரிரவு விடுங்கள். குறை இருந்தால் ஊரிலேயே தெரிந்துவிடும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க, சவர்க்காரத் தண்ணீரைப் பஞ்சால் தடவிக் குமிழி வரும் இடத்தைப் பேனையால் வட்டமிடுங்கள். வால்வின் விளிம்பை முதலில் பாருங்கள். மணல் துகள் ஒன்று ஒட்டியிருந்தாலே காற்றுப் போகும், கழுவினால் சரியாகிவிடும். சைக்கிள் கடைச் சொலூஷனும் றப்பர் ஒட்டும் இங்கே உதவாது. அவை ரியூப்பின் றப்பருக்கானவை, பாயின் உட்பூச்சு பொலியூரதேன். சீம் கிறிப் போன்ற யூரதேன் பசை, அல்லது ரெயர்-எயிட் ஏ வகை ஒட்டு வேண்டும். பி வகை வினைலுக்கானது, மாறி வாங்கிவிட வேண்டாம். காற்றை முற்றாக வெளியேற்றி, சத்திரசிகிச்சை மதுசாரத்தால் துடைத்து, நன்றாக உலர விட்டு ஒட்டுங்கள். ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு விரல் அகலம் ஒட்டு நீள வேண்டும். பசை பூசினால் குறைந்தது ஓரிரவு காய விட்டு, அதற்குப் பிறகே ஊதுங்கள். காட்டில் அவ்வளவு நேரம் கிடைக்காது. ஆகவே பைக்குள் இருக்க வேண்டியது ஒட்டுத் துண்டும் இரண்டு மதுசாரத் துடைப்பான்களும், வீட்டில் இருக்க வேண்டியது பசைக் குழாய்.