பேருக்குத்தான் புது பிக்கப்
வண்டி எடுத்து எட்டு மாசம்தான் ஆச்சு, அதுக்குள்ள டெயில்கேட் (பின்பக்கக் கதவு) கீல் கிட்ட துரு எட்டிப் பாக்குது, நகத்தால சொரண்டினா பெயிண்ட் உதிருது. பின்னாடி லீஃப் ஸ்பிரிங் (இரும்புப் பட்டை அடுக்கின வில்லு), லோடு இல்லாம போனா தூக்கிப் போடும்னு தெரிஞ்சுதான் வாங்கினேன், அதக் குறை சொல்லல. ஆனா டாஷ்போர்டு கடகடன்னு ஆடுறதுக்கும் லோடுக்கும் என்னங்க சம்பந்தம்? மழை பெஞ்சா டிரைவர் பக்கம் கதவு ரப்பர் வழியா தண்ணி எறங்கி கால் மேட் ஊறிக் கெடக்கு, சர்வீஸ்ல காட்டினா "எல்லா வண்டியும் இப்படித்தான் சார்"ங்கறாங்க, ரெண்டு தடவ ரப்பர் மாத்தியும் அதே கதைதான். பவர் விண்டோ வேணும்னா மேல் மாடலுக்குப் போகணுமாம், அந்தக் காசுக்கு ஒரு காரே எடுத்திருப்பேன்.

இஞ்சின் மட்டும் பாவம், ஃபுல் லோடோட மேடு ஏறினாலும் திணறாம இழுக்குது. சரி வித்துத் தொலைக்கலாம்னு விசாரிச்சா, வாங்கறவங்க அடிமாட்டு விலைக்குக் கேக்கறதப் பாத்து வயிறு எரியுது.