பிளேஸ்டேஷன் 5: புதுசா, ரீஃபர்பிஷ்டா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் சோனியின் இந்த வீடியோ கேம் பெட்டியைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தர நினைக்கிறவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

விலை: ரீஃபர்பிஷ்டு, அதாவது பழசைச் சரிசெய்து மறுபடி விற்பதுதான் மலிவு.

வாரண்டி: புதுசுக்கு ஓராண்டு கம்பெனி வாரண்டி. மற்றதற்குக் கடைக்காரர் பில்லில் எழுதித் தருவது மட்டும்தான், வாய்வார்த்தை செல்லாது.

உழைப்பு: டெல்டாவில் இதுதான் முக்கியம். அறுவடைத் தூசியும் ஐப்பசி ஈரமும் பெட்டிக்குள் போய் ஃபேனில் அப்பிக்கொள்ளும். பழசு என்றால் கடையிலேயே அரை மணி நேரம் கனமான கேம் ஓட்டுங்கள். ஃபேன் இரைந்தால் வேண்டாம். கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் ஸ்டிக்கைத் தொடாமலே திரையில் ஆள் நகர்ந்தால் அது தேய்ந்துவிட்டது. டிஸ்க் போட்டு எடுங்கள். உங்கள் அக்கவுண்டில் ஆன்லைன் போய்ப் பாருங்கள். சோனி தடை செய்த பெட்டியில் அது நடக்காது.

நேரில் சோதிக்க முடிந்தால் ரீஃபர்பிஷ்டே போதும், மிச்சப் பணத்தில் கேம் வாங்கலாம். பார்க்காமல் ஆர்டர் போடுகிறவர் புதுசே வாங்குங்கள்.